வால்வு மூடியின் நான்கு போல்ட்டுகள்

1

என் தங்கைக்கு எதையும் இறுக்கி மூடித்தான் பழக்கம். குழாயை அடைத்த பின் இன்னும் ஒரு திருகு; சீசாவை மூடிய பின் இன்னும் ஒரு திருகு. அவள் மூடிய டப்பாவைத் திறக்க அந்த வீட்டில் அவள் மகளைக் கட்டிய மாப்பிள்ளையைத் தவிர வேறு எவருக்கும் கை வலு போதாது. இந்தக் கதை பிறந்ததும் அவளால்தான். சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணா, நீ நரியும் முயலும் எழுதினது போதும். நான் பண்ணினத எழுது. என் கெட்டிக்காரத்தனத்தையும் சேத்து எழுது."

(துப்பறியும் கதை எழுதுவோர் குற்றவாளியைக் கடைசிப் பக்கம்வரை மறைத்து வைப்பர். நானோ முதற் பத்தியிலேயே காட்டிவிட்டேன். யார் செய்தார் என்பது இங்கே சிறிய விஷயம். செய்தவர் அதைச் சொல்ல எவ்வளவு தூரம் நடப்பார் என்பதுதான் என்னை எழுத வைக்கிறது.)

2

முதல் தொடக்கம்: "முன்னொரு காலத்தில் ஒரு கரடி இருந்தது. அதற்குக் கிடைத்த தேன்கூடு லேசாக ஒழுகிற்று. ஒழுகலை நிறுத்தக் கரடி கூட்டை இறுக அணைத்தது. ஒழுகல் கூடிற்று. ஆகவே அது இன்னும் இறுக—"

நிறுத்திவிட்டேன். தங்கை இதைப் படிப்பாள். கரடி யார் என்று கேட்பாள்.

இரண்டாம் தொடக்கம்: "டிராக்டருக்கு மட்டும் வாய் இருந்திருந்தால்..." வேண்டாம். நேராகவே சொல்கிறேன்.

தங்கை வீட்டுப் பின்புறக் கொட்டகையில் புல் வெட்டும் சிறிய டிராக்டர் ஒன்று நிற்கிறது. அவளுடைய மாப்பிள்ளை வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்பட்டபோது, அவர் இதை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் புல் வெட்டப் புறப்பட்டார். பிழைப்பு நன்றாகவே நடந்தது. பிறகு எஞ்சினில் ஆயில் கசியத் தொடங்கியது. சூடான சைலன்சரில் சொட்டிப் புகைந்தது. தங்கை சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அத்தோடு நின்றிருக்கலாம். மாப்பிள்ளை கை பட்டு வண்டி பாழாகிவிட்டது என்று நான்கு வீடுகளில் போய்ச் சொன்னாள். அதன்பின் புல் வெட்ட அவரை ஒருவரும் கூப்பிடவில்லை.

3

மாப்பிள்ளையை எழுதுவதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது. முதல் வரைவில் அவர் ஸ்பேனரைச் சுவரில் எறிந்தார். அதைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன்.

"அவர் எறியலண்ணா. கோவமே படல. பட்டிருந்தா நானும் நாலு வார்த்த பேசி முடிச்சிருப்பேன்."

இவ்வளவு பொறுமையை வாசகர் நம்புவாரா? நம்பாதவர் அதைப் பிடிவாதம் என்று திருத்திப் படித்துக்கொள்ளலாம். கசியும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் கொட்டகையை விட்டு வெளியே வருவதில்லை என்று அவர் முடிவு செய்திருந்தார்.

4

மாமியாரும் மருமகனும் கொட்டகைக்குள் எதிரெதிரே நின்றபடி, இடையில் நின்ற மகள் வழியாகவே பேசினர்.

"இந்த மெக்கானிக் வேலையெல்லாம் வேணாம்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு."

"ஒரே ஒரு தடவ பாத்துடறேன்னு அத்தைகிட்ட சொல்லு."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? நான் என்ன தபாலாபீஸா?" என்ற மகள், தாயின் இடுப்பிலிருந்து சாவியை உருவிக் கணவரிடம் கொடுத்தாள்.

எஞ்சின் முழுவதும் ஆயில் படிந்திருந்தது. அவர் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அதைத் துடைத்துக் காயவிட்டார். பிறகு மனைவியின் முகப்பவுடரை அதன்மேல் தூவினார்.

"வண்டிக்குக் கல்யாணமான்னு கேளு," என்றாள் தங்கை.

சற்று நேரம் ஓடவிட்டு எஞ்சினை அணைத்தார். வெள்ளைப் பவுடரின்மேல் ஒரு கறுப்புக் கோடு, வால்வு மூடியின் விளிம்பிலிருந்து இறங்கியிருந்தது.

மூடியின் நான்கு போல்ட்டுகளும் அசைய மறுத்தன. ஸ்பேனரின் முனையில் இரும்புக் குழாயைச் செருகி, காலை ஊன்றித் திருகிய பிறகே ஒவ்வொன்றாக இளகின. உள்ளே, ஆயில் கசியாதிருக்க வைக்கும் கேஸ்கெட் அட்டை நசுங்கிப் பிதுங்கியிருந்தது. கழற்றிய மூடியை மட்டம் பார்க்கக் கண்ணாடித் துண்டொன்றில் வைத்தார். அளவுக்கு மீறி இறுக்கியதில் துளைகளைச் சுற்றித் தகடு வளைந்திருந்ததால் அது படியாமல் ஆடியது.

தங்கைக்கு விளங்கிவிட்டது. தொடக்கத்தில் இருந்தது சிறிது ஈரம்தான். அதைக் கண்டதிலிருந்து, தினமும் யாரும் பார்க்காதபோது இன்னும் ஒரு திருகு வைத்தவள் அவள். அவருக்கும் விளங்கிவிட்டது. அவர் மாமியார் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"ஓடுற அதிர்வுல தானா இறுகியிருக்கும், அத்தை."

(இங்கே சற்று நில்லுங்கள். அதிர்வில் போல்ட் கழலும், இறுகாது. இது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவர் கூசாமல் ஒரு பொய்யை எடுத்து அவளுக்கு நிழலாகப் பிடித்தார். அவள் பேசாமல் அதன் கீழே நின்றிருக்கலாம்.)

தகட்டை மரக்கட்டைமேல் வைத்துத் தட்டி நிமிர்த்தினார். புதுக் கேஸ்கெட் பொருத்தினார். விசை கூடிவிடாதபடி ஸ்பேனரை அதன் கழுத்தருகே பிடித்துக்கொண்டு, குறுக்கும் நெடுக்குமாகப் போல்ட்டுகளை மெல்ல மெல்ல முடுக்கினார். மறுபடி பவுடர், மறுபடி ஓட்டம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

5

முடிவு ஒன்று: சாவி மாப்பிள்ளையிடமே இருந்துவிடுகிறது, சுபம். இதைத் தங்கை ஏற்கவில்லை. "சாவி குடுத்தா ஆச்சா? அவர் பொழப்பு சாவியிலயா இருக்கு? அந்த நாலு வீட்டுலல்ல இருக்கு."

முடிவு இரண்டு: மாமியார் கண்ணீர் மல்க [இவ்வாக்கியத்தை முடிக்க இயலாது. அவள் அழுது நான் பார்த்ததில்லை.]

முடிவு மூன்று: அவளுக்காக நானே போய்ச் சொல்லிவிடுவது. கேட்டுப் பார்த்தேன். "நான் சொன்னத நீ எப்படிண்ணா திரும்ப வாங்குவ?" என்றாள்.

6

ஆகவே மீதியை உங்களிடம் ஒப்படைக்கிறேன். அந்த நான்கு வீடுகளுள் முதல் வீட்டின் கதவைத் திறப்பவர் நீங்கள். உங்கள் தோட்டத்தில் புல் கணுக்காலை மறைக்கிறது. வேறொருவரை வரச் சொல்லலாமா என்று நேற்றுத்தான் பேசிக்கொண்டீர்கள். வெயிலில் நடந்து வந்த என் தங்கை, உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"உக்கார வரலம்மா. அன்னிக்கு எங்க மாப்பிள்ளைய பத்தி இதே எடத்துல நின்னு ஒண்ணு சொன்னேன். அது தப்பு. வண்டிய கெடுத்தது நான். பழிய அவர் மேல போட்டதும் நான். சரி பண்ணினது அவரு. நீங்க அத யார்கிட்டயாவது சொல்லியிருந்தீங்கன்னா, இதையும் அவங்ககிட்ட சொல்லிடுங்க."

சொல்லி முடித்தவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். இன்னும் மூன்று வீடுகளுக்கு அவள் போகவேண்டும். பதில் உங்களுடையது.