முப்பத்திரண்டாயிரம் மைல்

மீட்டரைக் குறைத்துவைத்து ஏமாற்ற வந்தவர்களைப் பொன்னுசாமி தன் வியாபாரத்தில் நிறையப் பார்த்திருந்தார். ஏற்றிவைத்துக்கொண்டு வந்தவர்களை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தார். வேலூரில் கார் வாங்கி விற்கும் கடை அவருடையது. பழைய வண்டியைக் கொடுத்து, மேலே கொஞ்சம் பணமும் வைத்தால், அதைவிடப் புதிய வண்டியாக மாற்றித் தருவார். எதிரில் உட்கார்ந்திருந்தவர் ஆரணி கணக்கு டீச்சர் சகாயமேரி. வாசலில் நின்றது அவருடைய ஹெரால்டு கார்.

"அம்மா, நீங்க லெட்டர்ல எழுதினது இருபத்தேழாயிரம் மைலு. மீட்டர்ல இருக்கறது அம்பத்தொம்பதாயிரம். பேசின வெலைய நான் எப்பிடிங்க குடுக்கறது?"

சகாயமேரிக்குக் காது சிவந்துவிட்டது. கணக்கில் அவரை ஒருவர் திருத்தி இருபத்தாறு வருஷம் ஆகிறது. கணவர் சிங்கராயர் காலமானபோது வண்டி இருபத்திரண்டாயிரம் மைல் ஓடியிருந்ததை, அவர் டைரியிலேயே எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். அதற்குப் பிறகு ஆறு வருஷம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மூன்று மைல், மாதம் ஒருமுறை வேலூருக்கு நாற்பத்தெட்டு மைல், எப்போதாவது போளூர். எப்படிக் கூட்டினாலும் ஐந்தாயிரத்தைத் தாண்டாது. இதை வீட்டிலேயே கூட்டிப் போட்டு எழுதினாரே ஒழிய, எழுந்துபோய் மீட்டரைப் பார்க்கவில்லை. ஆறு வருஷமாகப் பின் சீட்டில் உட்கார்ந்து போகிறவருக்கு மீட்டர் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

"மீட்டர் கெட்டுப்போயிருக்கும்," என்றார்.

"கெட்டா நின்னுபூடும். முப்பத்திரண்டாயிரம் மைலு முன்னாடி போவாதுங்க." பொன்னுசாமி குரலைத் தாழ்த்தினார். ஆனால் வாசலில் நிற்பவனுக்கு நன்றாகக் கேட்கும்படிதான் தாழ்த்தினார். "இதுல பேஜார் ஒண்ணும் இல்ல. உங்க டிரைவரு வாடகைக்கு ஓட்டிகினு இருந்திருக்கான். சர்ச்சுக்கு நீங்க போனீங்க, மிச்ச நாளு கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஊரே போயிருக்கு."

வாசலில் டீ கிளாசோடு நின்றிருந்த டிரைவர் சின்னதுரை நிமிர்ந்து பார்த்தான். பிறகு கிளாசைப் பார்த்தான்.

சகாயமேரிக்கு அதுதான் சுருக்கென்றது. பதினோரு வருஷமாக அந்த வீட்டுக்கு வண்டி ஓட்டுகிறவன். அடுத்த வாரம் ஒரு பஸ் கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைப்பதாக இருந்தது. மாதச் சம்பளம், போனஸ், காக்கிச் சட்டை. அதற்கு இவர் ஒரு நன்னடத்தைக் கடிதம் எழுதித் தரவேண்டும். திங்கட்கிழமைக்குள் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அவன் போய்விட்டால் ஐம்பத்திரண்டு வயதில் தானே வண்டி ஓட்டப் பழகிக்கொள்வது, அதற்கு உதிரி பாகம் கிடைக்காத இந்த ஹெரால்டு ஆகாது, ஒரு பியட் வாங்கிவிடுவது என்று முடிவு செய்துதான் இங்கே வந்ததே.

"உங்க டிரைவரு சேரப்போறான்னு லெட்டர்ல எழுதினீங்களே, அந்த பஸ் கம்பெனி மொதலாளி என் மச்சான்தாங்க," என்றார் பொன்னுசாமி. "அவன் கேட்டா நான் இதத்தான் சொல்லவேண்டி வரும்."

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே டிரைவரைப் பிடித்து உலுக்கியிருப்பார்கள், அல்லது அழுதிருப்பார்கள். சகாயமேரிக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் கோபத்தை முந்திக்கொண்டு வேறொன்று வந்து நின்றது. விடை ஒத்துவராத கணக்கைக் கண்டால் சோறு இறங்காத ஜென்மம் அவர். எழுந்து வெளியே போய், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டியைச் சுற்றிவந்தார்.

"பொன்னுசாமி, இந்த டயர் நாலும் நான் மாத்தி மூணு வருஷம் ஆவுது. நம்பரு என் நோட்டுல இருக்கு. முப்பத்திரண்டாயிரம் மைல் ஓடின டயரா இது?"

பொன்னுசாமி குனிந்து டயரின் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தார். விரல் நுனி உள்ளே போயிற்று. அவர் நெற்றி சுருங்கியது. பிரேக்கை மிதித்துப் பார்த்தார். ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்த்தார். இரண்டும் கிண்ணென்று இருந்தன. பானெட்டைத் திறந்து எஞ்சினை முடுக்கிக் காதைக் கொடுத்தார். அது மட்டும் கிழவன்போல இருமிற்று.

"இன்னாடா இது கூத்து," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "எஞ்சினு ஓடியிருக்கு. வண்டி ஓடல."

சகாயமேரி அதற்குள் சக்கரத்துக்குச் சக்கரம் நட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று சக்கரத்தில் நட்டு துருப்பிடித்துச் செம்மண் நிறத்தில் இருந்தது. இடப்பக்கத்துப் பின்சக்கரத்தில் மட்டும் நட்டு நாலும் புதுக் காசுபோலப் பளபளவென்றிருந்தன. அதைக் கழற்றச் சொன்னார். கடை மெக்கானிக் ஒரே கையால் திருகினான். வழுக்கிக்கொண்டு வந்தது. வலப்பக்கத்தைக் கழற்றச் சொன்னார். சுத்தியலால் நாலு அடி போட்டும் அசையவில்லை.

சக்கரத்தைக் கழற்றிய இடத்தில், அச்சைச் சுற்றி ஏதோ படிந்திருந்தது. சகாயமேரி ஜாக்கெட்டிலிருந்து ஊக்கை எடுத்து அதைக் கிளறி இழுத்தார். கிரீஸ் அப்பிய நூல் ஒன்று நீண்டுகொண்டே வந்தது. தலைப்பு பாழாவதைப் பற்றிக் கவலைப்படாமல் அதில் துடைத்துப் பார்த்தார். சாயம் போடாத பட்டு. முறுக்கேற்றிய பட்டு. ஆரணியில் பிறந்த குழந்தைகூட அதைத் தொட்டுச் சொல்லிவிடும்.

நூலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

"விலையை நாளைக்குப் பேசிக்கலாம். அதுவரைக்கும் உங்க மச்சான்கிட்ட ஒண்ணும் சொல்லவேணாம்," என்றார் பொன்னுசாமியிடம்.

"இது இன்னான்னு தெரிஞ்சிகினுதாம்மா நான் தூங்கவே போவேன். போங்க," என்றார் அவர்.

திரும்பும்போது சகாயமேரி முன்சீட்டில் உட்கார்ந்தார். ஆறு வருஷத்தில் அதுவே முதல் தடவை. சின்னதுரைக்கு கியர் போடக் கை ஓடவில்லை. கண்ணமங்கலம் வரைக்கும் அவர் மீட்டரில் எண்கள் புரள்வதையே பார்த்துக்கொண்டு வந்தார். வாய் மட்டும் முணுமுணுத்தது. மணிக்கு இருபது மைல் வேகம் என்று வைத்தால், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், நூற்றறுபது. முப்பத்திரண்டாயிரத்தை நூற்றறுபதால் வகுத்தால் இருநூறு. இருநூறு நாள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும்படி என்ன வேலை?

அந்த வருஷம் முழுக்க ஊரில் காலையில் நாலு மணி நேரம், மாலையில் நாலு மணி நேரம் கரண்ட் கிடையாது.

"சின்னதுரை, நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. வண்டிய வாடகைக்கு ஓட்டினியா?"

"சாமி சத்தியமா இல்ல டீச்சரம்மா. நீங்க இல்லாம வண்டி அந்த ஷெட்ட உட்டு ஒரு அடி வெளிய போவல."

"சரி. அந்த ஷெட்டை ஒட்டின குப்புராஜ் பட்டறை, கரண்ட் போனா எதுல ஓடுது?"

சின்னதுரை பிரேக் போட்டான். பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனார்.

வண்டியை வழக்கமாகக் குப்புராஜ் பட்டறையில் நிறுத்திவைத்ததற்குக் காரணம் சகாயமேரியின் தெருதான். காலையில் தெரு நீளத்துக்கும் நெசவுக்காரர்கள் தறிக்கான நெடுநூலைப் பட்டுப் பாவாக நீட்டிக் கட்டிவிடுவார்கள். பாவு நீட்டிய தெருவில் சைக்கிள்கூட இறங்கித்தான் போகவேண்டும். காருக்கு ஏது வழி? அதனால் அடுத்த தெருவில் பட்டு முறுக்கும் பட்டறை வைத்திருந்த குப்புராஜ், சிங்கராயர் காலத்திலேயே தன் ஷெட்டில் இடம் கொடுத்திருந்தார். கரண்ட் போய் மின்விசிறி நின்ற மாலைகளில், அந்தப் பட்டறையின் கிர்ரென்ற சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டதை சகாயமேரி எத்தனையோ நாள் கேட்டிருக்கிறார். டீசல் எஞ்சின் வாங்கிவிட்டார் போலிருக்கிறது, கெட்டிக்காரர் என்றுகூட நினைத்திருக்கிறார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கரண்ட் போய் ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. பட்டறைப் பெண்கள் இருபது பேரும் கையைக் கட்டிக்கொண்டு காரை எதிர்பார்த்து நின்றார்கள். அதிலிருந்து டீச்சரே இறங்கியதும் குப்புராஜுக்கு வெற்றிலை தொண்டையில் அடைத்துக்கொண்டது.

"எப்பவும்போல செய்ங்க. நான் பாக்கணும்," என்றார் சகாயமேரி.

சின்னதுரை ஜாக்கி வைத்து இடப்பக்கத்துப் பின்சக்கரத்தைத் தூக்கினான். மற்ற சக்கரங்களுக்குக் கருங்கல் அண்டை கொடுத்தான். நட்டு நாலையும் கழற்றி, சக்கரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பெரிய மரப் புல்லி ஒன்றை மாட்டினான். அதிலிருந்து பெல்ட் சுவரிலிருந்த ஓட்டை வழியாகப் பட்டறைக்குள் போயிற்று. சின்னதுரையின் மனைவி பச்சையம்மாள், டீச்சரைப் பார்த்த பயத்தோடேயே, எஞ்சின் சூடாகாமலிருக்க ஈரக் கோணியும் தண்ணீர்க் குடமுமாக முன்னால் வந்து நின்றாள். வண்டி உறுமியது. புல்லி சுழன்றது. உள்ளே நூல் முறுக்கும் முந்நூறு கதிர்களும் ஒன்றாக எழுந்து சுற்ற ஆரம்பித்தன.

சகாயமேரி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முள் இருபதில் நின்று நடுங்கியது. கண்ணாடிக்கு வெளியே அதே சுவர், அதே காலண்டர். மீட்டரில் மட்டும் ஒரு மைல் புரண்டது. ஊருக்குப் போகாமலே ஊர்கள் கடந்துகொண்டிருந்தன. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கணக்கைப் போட்டவன் எவனாயிருந்தாலும் நூற்றுக்கு நூறு கொடுக்கவேண்டும் என்று தோன்றிற்று.

இறங்கியதும் முகத்தை மாற்றிக்கொண்டார். "ஏன் எங்கிட்ட கேக்கல?"

குப்புராஜ் பெட்ரோல் தன் செலவு என்று ஆரம்பித்தார். சகாயமேரி கையைக் காட்டி நிறுத்தினார். அவர் கேட்டது சின்னதுரையை.

"கரண்டு இல்லன்னா இவுங்களுக்குக் கூலி இல்ல," என்றான் அவன், பெண்களைக் காட்டி. "தெனம் ஸ்டார்ட் பண்ணி வைய்யி, இல்லன்னா பேட்டரி போயிடும்னு நீங்கதான் சொன்னீங்க. அப்ப வந்த ரோசனை."

"அதான் ஏன் கேக்கலன்னு கேக்கறேன்."

"கேட்டா சரின்னு சொல்லிடுவீங்க." அவன் தலையைச் சொறிந்தான். "அப்பால வண்டி கெட்டா, அனுமதி குடுத்தது நாமதானேன்னு என்னைத் திட்டவும் முடியாது உங்களுக்கு. அய்யா வண்டி வேற. கேக்காம செஞ்சா தப்பு எம்மேல. நீங்க தாராளமா திட்டலாம்னுதான்."

சகாயமேரி திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பொன்னுசாமி விடிந்ததும் விடியாததுமாக முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். காலைக் கரண்ட் போகும் வரைக்கும் ஷெட்டில் காத்திருந்து, புல்லி சுற்றுவதை ஒரு முறை பார்த்து, திருப்தியில்லாமல் நிறுத்தச் சொல்லி இன்னொரு முறை பார்த்தார். இருபத்தைந்து வருஷ வியாபாரத்தில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்றார். பிறகு வியாபாரி என்பது ஞாபகம் வந்து, "ஆனா எஞ்சினு தேஞ்சது தேஞ்சதுதானுங்களே," என்று இழுத்தார்.

"எஞ்சினுக்கு மீட்டர் படி குறைச்சிக்கோங்க. மிச்சத்துக்கு டயர் படி விலை போடுங்க," என்றார் சகாயமேரி. "அதுக்கு நான் சம்மதிக்கணும்னா இதுல சாட்சிக் கையெழுத்து போடணும்."

அவர் நீட்டியது நன்னடத்தைக் கடிதம். அதில் இப்படி இருந்தது: 'திரு. சின்னதுரை பதினோரு ஆண்டுகள் எங்கள் வண்டியை ஓட்டினார். ஒரு விபத்து இல்லை. என் கணவர் காலமான பின் ஆறு ஆண்டுகளில் அவர் ஓட்டியது ஐயாயிரம் மைல். அதற்கு மேல் ஒரு மைல்கூட அவர் என் வண்டியைத் தெருவில் ஓட்டியதில்லை.'

பொன்னுசாமி இரண்டு தரம் படித்தார். எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

இந்த வண்டி போய்விட்டால் இனிப் பட்டறை எப்படி ஓடும் என்று குப்புராஜ் மூக்கால் அழுதார். பியட்டுக்கும் ஷெட் வேண்டியிருந்ததால், "புது வண்டி வரட்டும், அப்புறம் கேட்டுட்டு செய்ங்க," என்றார் சகாயமேரி.

எல்லாரும் போன பிறகும் சின்னதுரை கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

"இன்னும் என்ன?"

"நீங்க இன்னும் திட்டவேயில்ல டீச்சரம்மா."

சகாயமேரி நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டார். இருபத்தாறு வருஷம் வகுப்பில் யாரையும் விட்டுவைக்காத வாய் அது. திறந்தது திறந்தபடி இருந்தது. கண் கலங்கிப்போய், கையால் மட்டும் போ என்று சாடை காட்டினார்.