ஒட்டவைத்த மூக்கு

எங்கள் வீட்டு ஃப்ரீசரில் ஐஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் இரும்புத் துண்டு கிடக்கும். குளிரில் வைத்தால் இரும்பு கொஞ்சம் சுருங்குமாம், அப்போதுதான் ஓட்டைக்குள் சுலபமாக இறங்குமாம். அந்த ஓட்டை உள்ள இன்னொரு இரும்பு, நான் கேக் செய்யும் ஓவனில் வெந்துகொண்டிருக்கும். கியர் ஆயில் நாற்றம் உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. அழுகிய முட்டையை எண்ணெயில் போட்டுக் காய்ச்சியதுபோல இருக்கும். அந்த ஓவனில் நான் கடைசியாகச் செய்த கேக்கைத் தெருநாய் ஒன்று மோந்து பார்த்துவிட்டு மரியாதையாக விலகிப் போனது.

எல்லாம் ஒரு டிரக்குக்காக. காடு மேடு, ஆறு சேறு எதிலும் போகக்கூடிய வண்டியை வீட்டு ஷெட்டிலேயே கட்டுகிறேன் என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தபோது எங்கள் பெண் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் கல்லூரியை முடித்துவிட்டாள். அவரைப் போலவே வண்டிப் பைத்தியம் பிடித்தவர்கள் சேர்ந்து ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள். அதில் அவருக்குப் பெயர் கேப்டன். பெண்ணுக்கு ஸ்பேனர் என்று பெயர்.

பெயர் வைத்ததிலேயே விஷயம் இருக்கிறது. கேப்டன் பேசுவார், ஸ்பேனர் வேலை செய்யும். கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்து மாட்டியவள் அவள். சேற்றில் போய்வந்த பிறகு அச்சுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று படுத்துக்கொண்டு ஆயிலைத் திறந்துவிட்டு, அது காப்பியில் பால் கலந்த நிறத்தில் முகத்தில் கொட்டினாலும் துடைத்துக்கொண்டு அடுத்ததைத் திறப்பவள் அவள். அவர் செய்ததெல்லாம் வெளி அலங்காரம். விளக்கு, ஸ்டிக்கர், அப்புறம் அந்த மூக்கு.

மூக்கு என்று வீட்டில் நாங்கள் சொல்வோம். ஸ்நார்க்கல் என்பது அதன் பெயர். வண்டி ஆழமான தண்ணீரில் இறங்கும்போது எஞ்சின் மூச்சுவிட வேண்டுமல்லவா? அதற்காகப் பக்கவாட்டிலிருந்து கூரை உயரத்துக்கு ஏறும் கறுப்புக் குழாய். அது இல்லாமல் இறங்கினால் எஞ்சின் தண்ணீரைக் குடித்து நடு ஆற்றில் நின்றுவிடும். பிறகு வண்டி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை ஆறு முடிவு செய்யும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். மூக்கு மாட்டுவது எப்படி என்று குரூப்புக்கே வகுப்பு எடுத்தவர்.

ஒவ்வொரு வருஷமும் அவர்கள் ஓர் ஆற்றைக் கடப்பார்கள். முதலில் இறங்குகிற வண்டி கயிற்றோடு அக்கரைக்குப் போய், மற்றவர்களுக்கு வழி காட்ட வேண்டும். இந்த முறை ஸ்பேனரே போகட்டும் என்று குரூப்பில் ஒருமனதாகச் சொன்னார்கள். சொன்ன அன்று அவள் வீட்டுக்குள் நடக்கவில்லை, மிதந்தாள். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களும் அந்த ஒருமனதில் இருந்தார்கள் என்பதுதான் அவளுக்கு ருசி.

ஞாயிற்றுக்கிழமை ஆறு. சனிக்கிழமை காலையில் ஷெட்டில் நாற்றம் தாங்கவில்லை.

"கியர் ஆயில் நாத்தம்தான் அது," என்றார் அவர், ஸ்டிக்கரைத் துடைத்தபடி.

இத்தனை வருஷம் கியர் ஆயிலோடு குடித்தனம் நடத்தியவள் நான். இது செத்த நாற்றம். அவர் கடைக்குப் போனதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பானெட்டைத் தூக்கினேன். காற்று ஃபில்டர் இருக்கும் பெட்டியிலிருந்துதான் வந்தது. கிளிப்பை நெம்பித் திறந்தேன். உள்ளே என் பழைய சால்வையைக் கிழித்துக் கூடு கட்டி, அதிலேயே செத்து ஊறிப்போன ஓர் எலி. வயிறு அசைவதுபோல இருந்தது. குனிந்து பார்த்தால் புழு. வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்து இடுக்கியால் அதை எடுத்துக் குப்பையில் போடும்போதுதான் யோசனை வந்தது. எலி எப்படி உள்ளே போனது? பெட்டியின் வாயில் அந்த மூக்குக் குழாய் வந்து சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை. வாய் ஆவென்று திறந்து கிடந்தது. வெளியே போய் மூக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். முன்சக்கரத்துக்கு மேலே உள்ள ஃபெண்டர் தகட்டில் இரண்டு பக்கமும் பசை உள்ள டேப்பால் ஒட்டியிருந்தது. அதன் பின்னால் ஓட்டையே இல்லை.

அவர் வந்ததும் கேட்டேன். கொஞ்சமும் அசரவில்லை.

"அதுக்கு ஃபெண்டர வெட்டணும். கம்பெனி பெயின்ட் அது. இப்ப தேடினாலும் கெடைக்காது."

"நாளைக்கு ஆத்துல எறங்கப்போறது உங்க பொண்ணு."

"தெரியும். நான் பாத்துக்கறேன்."

"எப்படிப் பாத்துப்பீங்க? குரூப்புல உண்மையச் சொல்லிடுங்க."

"சொன்னா என் மானம் போயிடும். நீ வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெற்ற பெண்ணை ஆற்றில் வைத்துக்கொண்டு மறைக்கிறவரை அன்றுதான் பார்த்தேன். எலியைப் பார்த்து வந்த குமட்டல் போய்விட்டது, இவரைப் பார்த்து வந்தது போகவில்லை. இருந்தாலும், பார்த்துக்கொள்கிறேன் என்றாரே, மாலைக்குள் ஓட்டை போட்டு மாட்டிவிடுவாராக்கும் என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

மாலையில் குரூப்பிலிருந்து பல் டாக்டரும் பேங்க் மேனேஜரும் கயிறு கொக்கியெல்லாம் சரிபார்க்க வந்தார்கள். பெண் சக்கரத்துக்குக் காற்று அளந்துகொண்டிருந்தாள். நான் காப்பி கொண்டுபோனேன். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"நாளைக்கு நம்ம வண்டி ஆத்துல எறங்காது. கரையில நின்னு கயிறு போடும். ஸ்பேனர் கொஞ்சம் பயப்படறா. ராத்திரி எல்லாம் தூக்கமில்ல. ஆழம் தெரியாம காலை விடக்கூடாதுன்னு நான்தான் சொல்லிட்டேன்."

பெண் நிமிர்ந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தவள்போல இருந்தது. பிறகு காற்றுமானியைக் கீழே வைத்தாள்.

"ஆமா அங்கிள். பயமா இருக்கு."

"பரவாயில்லம்மா," என்றார் பேங்க் மேனேஜர். "பொண்ணுதான. பழகப் பழகச் சரியாயிடும்."

என் வீட்டுக்காரர் போய்ப் பெண்ணின் தோளில் கை போட்டுத் தட்டிக்கொடுத்தார். "பயம் இருக்கறவன்தான் நல்ல டிரைவர்," என்று ஆறுதல் வேறு. அந்தக் கையைப் பார்த்தேன். அதைவிட அருவருப்பான ஒன்றை நான் அன்று காலையில்கூடப் பார்க்கவில்லை.

காப்பித் தட்டைத் தரையில் வைத்துவிட்டு பானெட்டைத் தூக்கினேன்.

"டாக்டர், இங்க கொஞ்சம் வாங்க. அந்த மூக்கு எங்க வந்து சேருதுன்னு காட்டுங்க."

பல் டாக்டர் குனிந்தார். அடுத்தவர் வாய்க்குள் பார்த்தே பழகியவர், ஃபில்டர் பெட்டியின் வாயையும் அப்படியே பார்த்தார். வெளியே போய்க் குழாயை ஆட்டினார். அதன் ஓர் ஓரம் சர்ரென்று பிரிந்து அவர் கையோடு வந்தது.

"கேப்டன், இது வெறும் ஒட்டு."

"ரிப்பேருக்காகக் கழட்டி வெச்சிருக்கேன்," என்றார் அவர். ஓட்டை இல்லாத தகட்டுக்கு முன்னால் நின்றுகொண்டுதான் சொன்னார்.

பேங்க் மேனேஜர் காப்பியை ஆராய்ந்தார்.

"எனக்குத் தெரியும்மா," என்றாள் பெண் என்னிடம். "போன மாசம் ஃபில்டர் மாத்தறப்பவே பாத்தேன். அப்பாவே சொல்வாருன்னு இருந்தேன். இன்னிக்கு வரைக்கும்."

"உன்னக் காப்பாத்தத்தானம்மா நீ பயப்படறேன்னு சொன்னேன்," என்றார் அவர். அதை அவரே நம்பினார் என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவள் உள்ளே போய் டிரில்லையும், வட்டமாக வெட்டும் ரம்பத்தையும் எடுத்துவந்தாள். ஃபெண்டரில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டாள்.

"தள்ளுங்கப்பா."

அவர் ஓடிவந்து தகட்டை மறித்து இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். ஆற்றுக்கும் மகளுக்கும் நடுவில் நிற்காத மனுஷன்.

"பெயின்ட்மா. ஒருதடவ போச்சுன்னா போச்சு."

"நாளைக்கு நான்தான் முதல்ல எறங்கறேன். தள்ளுங்க."

அவர் பல் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் என்னைப் பார்த்தார். நானும் சும்மா நின்றேன். விரித்த கைகள் மெதுவாக இறங்கின.

"சரி, ஒரு நிமிஷம் இரு," என்றார். "சுத்தி டேப் ஒட்டித் தர்றேன். பக்கத்துல கீறல் விழுந்துடும்."

முழங்கால் போட்டு உட்கார்ந்தார். அந்த வட்டத்தைச் சுற்றி டேப்பைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஒவ்வொன்றின் ஓரத்தையும் நகத்தால் நீவி நீவி ஒட்டினார். வெகுநேரம் ஒட்டினார். பெண் டிரில்லைப் பிடித்தபடி அவர் தலைக்கு மேலே நின்று காத்திருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவர் ஒருதடவையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.