அலமாரிக்குள் ஒரு குரல்

ஊருக்கெல்லாம் தூக்கத்தை வரவழைக்கிற மனுஷன் வீட்டில், பெண்டாட்டிக்கு மட்டும் பொட்டுத் தூக்கம் இல்லை. சிரிக்காதீர்கள், அவளுக்கு வயிறு எரிகிற விஷயம் இது.

பகலில் அவன் லிப்ட் மெக்கானிக். இரவுச் சாப்பாடு முடிந்ததும் துணி அலமாரிக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்வான். உள்ளே தொங்குகிற துணிமணியும் போர்வையும் வெளியிலிருந்து வரும் சத்தத்தை அடக்கிவிடுமாம். ஹெட்போனில் மழைச் சத்தத்தை ஓடவிட்டு, போனில் குழைந்து குழைந்து பேசிப் பதிவு செய்வான். "கண்ணை மூடிக்கோங்க... தோளைத் தளர விடுங்க... இன்னைக்கு நடந்ததெல்லாம் இன்னைக்கோட போச்சு..." பேசி முடித்ததும் ஒருமுறை கேட்டுக்கூடப் பார்க்காமல் இணையத்தில் ஏற்றிவிடுவான். அப்புறம் கட்டிலில் விழுந்தால் அடுத்த நொடி குறட்டை.

குறட்டையைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். கேட்கிறவர்கள் எழுதுகிற கருத்துகளைத்தான் பொறுக்க முடியவில்லை. நிலாக்குட்டி என்று ஒருத்தி, 'உங்க குரல்தான் என் தலையணை' என்று எழுதியிருந்தாள். தலையணையாம்! 'அண்ணா' என்று எழுதினவர்களைக்கூட இவள் நம்பவில்லை. முகம் தெரியாதவளுக்குத் தேன் ஒழுகுகிற குரல், கட்டினவளுக்கு "சாப்பாடு ரெடியா?", "நாளைக்குப் பேசலாம்", அவ்வளவுதான்.

அன்று, தான் வேலை பார்க்கிற மருந்துக்கடையில் நாளெல்லாம் கால் கடுக்க நின்றுவிட்டு வந்தவள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"ரெக்கார்டிங் முடியட்டும்" என்று அவன் உள்ளே போய்விட்டான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலமாரிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, துவைத்த துணிகளை மடித்தபடியே மனதில் கிடந்ததையெல்லாம் கதவைப் பார்த்துக் கொட்டினாள்.

"பாப்பா கணக்குல ரொம்பத் திணறுறா, மிஸ்ஸைப் போய்ப் பார்க்கணும். அம்மாவுக்கு முட்டி வலி ஜாஸ்தியாயிடுச்சு. பாத்ரூம் குழாய் சொட்டிக்கிட்டே இருக்கு. எங்க முதலாளி கடையை வித்துடப் போறாராம், எனக்கு வேலை இருக்குமான்னு தெரியல..."

சொல்லச் சொல்லக் குரல் தணிந்தது. துணிக்குவியலை அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள். எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் சாயங்காலம் பார்த்தால் அவன் முகம் கடுகடுவென்று இருந்தது. போனை அவளிடம் நீட்டினான். கருத்துகள் வந்து குவிந்திருந்தன. 'பின்னாடி ஒரு அக்கா முணுமுணுக்கிறாங்களே, அதைக் கேட்டுத்தான் தூங்கினேன்.' 'எங்க வீட்லயும் குழாய் சொட்டுது. நான் மட்டும் இல்லைன்னு நிம்மதியா இருந்துச்சு.' நிலாக்குட்டி கட்சியே மாறியிருந்தாள்: 'நீங்க கொஞ்சம் கம்மியா பேசுங்க. அக்கா பேசட்டும்.'

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவனோ அன்றிரவு அலமாரிப் பக்கமே போகவில்லை. கட்டிலில் புரண்டு புரண்டு படுத்தான்.

"தூங்கிட்டியா?"

"தூங்கப் போறேன். என்ன?"

"பாப்பா, அத்தை, குழாய், கடை... எல்லாத்தையும் ரெக்கார்டிங்ல இன்னைக்குத்தான் கேட்டேன். உன் வேலை போகப்போற விஷயம் எனக்கு முன்னாடி அந்த நிலாக்குட்டிக்குத் தெரிஞ்சிருக்கு." பொறாமையில் அவன் குரல் பிசிறியது. "ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் சொல்லத் தெரிஞ்சுது. என்கிட்ட சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். இத்தனை நாள் எரிந்ததெல்லாம் எங்கே போனதோ, அழுகைதான் வந்தது.

"உங்ககிட்டதாங்க சொன்னேன். நீங்கதான் கதவைச் சாத்தியிருந்தீங்க."