மட்குண்ணிக்குப் பசிக்கும்

பிளீச்சிங் பவுடர் மூட்டையைச் சின்னக்கருப்பு தொட்டிக்கரையில் இறக்கியதும், தேவிகா அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

புதுவயலில் அந்த அரிசி ஆலையை நடத்தும் வள்ளிக்கண்ணு ஆச்சி முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி நின்றார். நெல் ஊறவைத்த தண்ணீரைச் சுத்தம் செய்யும் தொட்டி அது. கொதிகலன் பழுதாகி ஐந்து நாள் நின்ற ஆலை, முந்தாநாள்தான் ஓடத் தொடங்கியிருந்தது. புளித்த வாடை தெருவரைக்கும் போனது. பதினொரு மணிக்கு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வருவார். அவர் எடுக்கும் தண்ணீர் தேறாவிட்டால் ஆலைக்குப் பூட்டு. நாற்பது வீட்டில் அடுப்பெரியாது.

"எந்திரி தேவிகா. வாடை போகணும்."

"இதைக் கொட்டுனா வாடையைக் கொல்ல மாட்டீக ஆச்சி. வாடையைத் திங்கிறதைத்தான் கொல்லுவீக."

"அக்கா தன் தொட்டிப் பிள்ளைகளுக்கு இன்னும் சோறு வைக்கல போல," என்று சின்னக்கருப்பு சிரித்தான்.

அந்தக் கேலி ஆலைக்குப் பழசு. தொட்டியைக் கட்டிய பொறியாளர் சுவரில் ஒரு சொல்லையும் அதன் பொருளையும் எழுதிவிட்டுப் போயிருந்தார். மட்குண்ணி: செத்ததையும் அழுகியதையும் தின்று வாழும், கண்ணுக்குத் தெரியாத உயிர். ஆலைக்காரர்கள் அதைத் தேவிகாவுக்கே பட்டப்பெயராகச் சூட்டினார்கள். சேறு அள்ளுகிறவளுக்கு வேறென்ன பெயர் சூட்டும் இந்த உலகம்! அவளோ பொருளைப் பிடித்துக்கொண்டாள். தின்று வாழ்கிற உயிர் என்றால் அதற்குப் பசிக்குமே! ஆலை நின்ற ஐந்து நாளும் வீடுவீடாகக் கேட்டு வாங்கிய வடிகஞ்சியைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றினாள். செய்யச் சொன்னவர் யார்? எவருமில்லை. கூலி கொடுத்தவர் யார்? எவருமில்லை.

"அஞ்சு நாளா அரைவயிறு ஆச்சி. இப்பத்தான் தெம்பா வருதுக. வாடையெல்லாம் தண்ணி விழுகுற இங்குட்டுத்தான். அங்குட்டு, வெளியேறுற குழாய்க்கிட்ட வந்து பாருங்க."

இத்தனை ஆண்டில் வள்ளிக்கண்ணு அந்தக் கோடிக்குப் போனதில்லை. இன்று போனார். குழாய்நீரை இரு கைகளிலும் ஏந்தினார். மூக்கை மறைத்த முந்தானை நழுவியது. லேசான மஞ்சள் நீருக்கடியில் அவருடைய கைரேகை தெரிந்தது. அப்படியே நிமிர்ந்து, சுவரில் எழுதியிருந்ததை முதன்முறையாக, எழுத்துக் கூட்டுகிற பிள்ளையைப்போல, நிதானமாகப் படித்தார்.

"மூட்டையைப் பிரிக்க வேணாம் கருப்பு."

அதிகாரி வந்ததும் முகத்தைச் சுளித்தார். "என்ன மருந்து போடுறீங்க இதுல?"

"மருந்தில்லை. மட்குண்ணி," என்றார் ஆச்சி. பிறகு தேவிகாவைக் கைகாட்டினார். "விவரமெல்லாம் இவுகளைக் கேளுங்க."

சின்னக்கருப்புக்குச் சிரிப்பு வரவில்லை.

தேவிகா குழாயடியில் போத்தலை நிரப்பிக் கொடுத்தாள். முடிவு வர ஒரு வாரமாகும் என்று சொல்லி, முத்திரையிட்டு எடுத்துக்கொண்டு போனார் அதிகாரி. பிரிக்காத மூட்டையின்மேல் கஞ்சிப் பானை கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது. தொட்டிக்குள், பந்தி தொடங்கிவிட்டதைப்போல, ஓயாமல் குமிழிகள் மேலே வந்துகொண்டிருந்தன.