கருணை இருக்கை காலி

என் அப்பா இறந்தது அலுவலகத்தில், அவருடைய மேசையில், காலை பதினொன்றேகாலுக்கு. கோப்பின்மேல் தலையைச் சாய்த்திருந்தாராம். படிக்கிறார் என்று நினைத்து, பன்னிரண்டு மணிவரை யாரும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. "அவ்வளவு ஊன்றிப் படிக்கிற மனுஷன்ம்மா" என்று கண்காணிப்பாளர் என்னிடம் சொன்னார். அதை ஒரு பாராட்டாகத்தான் சொன்னார்.

அப்பாவுக்கு என்ன வேலை என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். அரசுப் பணியில் இருக்கும்போதே ஒருவர் இறந்துபோனால், பிள்ளைகளில் ஒருவருக்கு வேலை கொடுப்பார்கள். கருணை அடிப்படை என்று அதற்குப் பெயர். அந்த மனுக்களைப் பார்க்கிற இருக்கை அப்பாவுடையது. பத்தொன்பது வருடம் அதில் இருந்தார். எந்த மனு வந்தாலும் ஒரு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார். பதில் வந்தால் அந்தப் பதிலிலிருந்து இன்னொரு கேள்வி எடுப்பார். அலுவலகத்தில் அவருக்குக் கேள்வி சார் என்று பெயர். வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? பள்ளிக்கு விடுப்புக் கடிதம் எழுதி நீட்டினால், "காய்ச்சல்னு போட்டிருக்க, எத்தனை டிகிரி?" என்பார்.

அந்தக் கருணையைக் கேட்டு நானே போய் நிற்க வேண்டி வந்தது. என் வீட்டுக்காரர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். ஏணியிலிருந்து விழுந்ததில் வலது கை தோளுக்கு மேலே போவதில்லை. ஊரில் உள்ள பலகையெல்லாம் தோளுக்கு மேலேதான் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிற பெண் ஒருத்தி, அப்பா போனபின் எங்களோடு வந்துவிட்ட அம்மா, எல்லாருக்கும் சேர்த்து நான் ஒரு கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு முப்பத்தைந்து முடிய ஏழு மாதம் இருந்தது. முப்பத்தைந்து முடிந்தால் கருணை கிடையாது. விதி அப்படி.

மனு கொடுத்து மூன்று மாதம் ஆயிற்று. சத்தமே இல்லை. நேரில் போனேன்.

"உன் மனுவைப் பாக்கணும்னா அந்த சீட்ல ஆள் இருக்கணும்மா," என்றார் கண்காணிப்பாளர்.

"அந்த சீட்ல யார் சார்?"

"உங்கப்பா."

"அவர் செத்துட்டார் சார்."

"அதானே பிரச்சினையே."

அந்த இருக்கையைக் கூடுதலாகப் பார்த்துக்கொள்ள ஒருவரும் தயாராக இல்லையாம். ஒருவருக்குக் கண் சரியில்லை. இன்னொருவர் எப்போது கேட்டாலும் கொடுக்க ஒரு விடுப்புக் கடிதத்தைத் தயாராக வைத்திருந்தார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்கப்பா இடத்துக்கு ஆள் வந்தாத்தான் என் மனு நகரும். என் மனு நகர்ந்தாத்தான் அந்த இடத்துக்கு ஆள் வரும். நான் என்ன சார், செக்கு மாடா?"

 கண்காணிப்பாளர் தன் சர்வீசிலேயே முதன்முறையாக, ஒரு துணிச்சலான காரியம் செய்தார். என்னைத் தினக்கூலி டைப்பிஸ்டாக எடுத்துக்கொண்டார். "நீயே உக்காந்து எல்லாத்துக்கும் குறிப்பு எழுதி வை. கையெழுத்து நான் போட்டுக்கறேன். யாராவது கேட்டா டைப் அடிக்க வந்தேன்னு சொல்லு."

அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். இழுப்பறையில் அவருடைய மூக்குக்கண்ணாடி, பாதி தின்ற ஒரு மாத்திரை அட்டை. மேசைமேல் நாற்பத்தொரு கோப்புகள், மனு வந்த தேதி வரிசையில். என்னுடையது கடைசி.

"இந்த வருஷம் இடம் ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் கண்காணிப்பாளர். "ஆனா நீ பயப்படாத. முன்னாடி இருக்கற நாப்பது பேர்ல பாதிப் பேருக்கு வயசு தாண்டிடுச்சு. மீதிப் பேரு அலுத்துப்போய் வேற வேலைக்குப் போயாச்சு. எழுதி முடிச்சா உன்னுது தன்னால மேல வந்துடும்."

அவர் சொன்னது சரிதான். ஐந்து வாரத்தில் நாற்பது குறிப்பும் எழுதினேன். வயது கடந்தது, நிராகரிக்கலாம். வயது கடந்தது, நிராகரிக்கலாம். பலருக்கு வயது கடந்தது அப்பா கேள்வி கேட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான். ஒரு கோப்பில் அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் இப்படி இருந்தது: 'மனுதாரர் தமக்குக் குடியிருக்க வீடு இல்லை என்கிறார். எனில், இம்மனு எங்கிருந்து எழுதப்பட்டது?' படித்ததும் சிரித்துவிட்டேன். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

என் கோப்பு மேலே வந்தது. அதில் ஒரு சுற்றறிக்கையின் நகலை இணைக்க வேண்டும். பழைய விதிப்படி, திருமணமான மகளுக்குக் கருணை கிடையாது. என் கல்யாணத்தன்று அப்பா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "இனிமே நான் செத்தாலும் உனக்கு வேலை கிடையாதும்மா, விதியில இடமில்ல" என்றார். நல்லபடியாக இரு என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன். பிற்பாடு விதியை மாற்றி, திருமணமான மகளும் கேட்கலாம் என்று சுற்றறிக்கை வந்ததாம். அதைத் தேடி அலமாரியைத் திறந்தேன்.

அந்த அலுவலகத்தில் சுற்றறிக்கைகள் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கட்டாக வரும். மேசை மேசையாகப் போகும். படித்ததற்கு அடையாளமாக ஒவ்வொருவரும் ஒவ்வொரு தாளிலும் சுருக்கொப்பம் இட வேண்டும். சாயங்கால டீ வருவதற்குள் கட்டு கடைசி மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே எல்லாரும் ஒப்பமிட்டுத் தள்ளிவிடுவார்கள். அந்தக் கட்டைப் படித்தவர் என்று உயிரோடிருப்பவர்களில் ஒருவர்கூட இல்லை. இறந்தவர்களிலும் இல்லை என்று அன்றுதான் தெரிந்தது.

சுற்றறிக்கை கிடைத்தது. நான்கு வருடத்துக்கு முந்தையது. ஓரத்தில் அப்பாவின் சுருக்கொப்பம், தேதியோடு.

அதே தட்டில், 'முடிவுற்றவை' என்று எழுதிய கட்டில், ஒரு தையல்காரப் பெண்ணின் கோப்பு இருந்தது. அவள் அம்மா அரசு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்து, வேலையிலேயே இறந்துபோனவள். அப்பா எழுதியிருந்தார்: 'திருமணமான மகளுக்கு விதியில் இடமில்லை. நிராகரிக்கலாம்.' அந்தச் சுற்றறிக்கையில் ஒப்பமிட்ட ஒன்பதாவது நாள் எழுதியது அது. என் கைக்கு வந்த கோப்புகளிலேயே அப்பா ஒரு கேள்விகூடக் கேட்காத கோப்பு அது ஒன்றுதான். அதன்பின் அவள் வருடத்துக்கு ஒன்றாக நான்கு மனு போட்டிருந்தாள். நான்கும் பிரிக்கப்படாமலே கட்டின் பின்னால் செருகப்பட்டிருந்தன.

விரல்விட்டு எண்ணினேன். அவளுக்கு முப்பத்தைந்து முடிய மூன்று மாதம். எனக்கு இரண்டரை. அவள் மனு என் மனுவுக்கு நான்கு வருடம் மூத்தது. இந்தக் கோப்பு வெளியே வந்தால் இடம் அவளுக்கு. உள்ளேயே இருந்தால் எனக்கு. நான் எந்தத் தப்பும் செய்ய வேண்டியதில்லை, அலமாரியைச் சாத்தினால் போதும்.

சாத்தினேன். வீட்டுக்குப் போனேன்.

"எப்ப ஆர்டர் வரும்?" என்றாள் அம்மா. "உங்கப்பா இருந்திருந்தா இந்நேரம் கையில வந்திருக்கும்."

"கிழிச்சிருப்பார்," என்றேன்.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்குத் தூக்கம் இல்லை. தையல்காரிமேல் இரக்கப்பட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், அவளை நான் பார்த்ததே இல்லை. எனக்கு வந்ததெல்லாம் அப்பாமேல் கோபம். வீடு இல்லாதவனிடம் எங்கிருந்து எழுதினாய் என்று கேட்கத் தெரிந்தது, கையிலிருக்கும் ஒரு தாளைப் படிக்கத் தெரியவில்லையே! அந்தக் கோப்பு அலமாரியிலேயே கிடந்தால், அவர் செய்ததை நானும் செய்ததாகிவிடும். அவர் தெரியாமல் செய்தார், நான் தெரிந்தே செய்வேன்.

மூன்றாம் நாள் குறிப்பு எழுதினேன். 'முந்தைய இருக்கைப் பணியாளர் சுற்றறிக்கையில் சுருக்கொப்பமிட்டும் அதன்படி செயல்படவில்லை. தவறு இருக்கையுடையது, மனுதாரருடையது அன்று. முன்னுரிமைப்படி இவருக்குப் பணி வழங்கலாம்.'

கண்காணிப்பாளர் படித்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"அலமாரி பூட்டியே இருக்கட்டும்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே சார்."

"செத்த மனுஷனைப் பத்தி இப்படி எழுதலாமா? அதுவும் நீ?"

"பேர் போடல சார். முந்தைய இருக்கைப் பணியாளர்னுதான் போட்டிருக்கேன்."

"அடுத்த இடம் அடுத்த வருஷம்தான். உன் வயசு?"

"தெரியும் சார். கையெழுத்துப் போடுங்க. போடாட்டி நான் மனசு மாறிடுவேன்."

போட்டார். "உங்கப்பாவுக்கும் மேல இருக்கியேம்மா," என்றார். இந்த முறை அது பாராட்டு இல்லை.

ஆறு வாரத்தில் ஆணை வந்தது. காலியாக இருந்தது அந்த ஒரு நாற்காலிதான் என்பதால் அவளை அதிலேயே உட்கார வைத்தார்கள். என் தினக்கூலிக்கு இன்னும் ஒரு மாத அனுமதி பாக்கி இருந்தது, ஆகவே வேலை கற்றுக்கொடுப்பது என் தலையில் விழுந்தது. வந்த முதல் நாளே அவள் தன் கோப்பை எடுத்துப் படித்தாள். படித்து முடித்து என் முகத்தைப் பார்த்தாள். "என்ன பாக்கற? அடுத்த கோப்பை எடு," என்றேன். அன்றிலிருந்து நான் அவளுக்கு அக்கா.

கெட்டிக்காரி. சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். ஒன்று மட்டும் செய்வாள். மேசையில் என் கோப்பு மேலே வரும்போதெல்லாம் அதை எடுத்துக் கட்டின் அடியில் வைத்துவிடுவாள். நானும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

என் பிறந்தநாளுக்கு மறுநாள், மேசையில் வேறு கோப்பு இல்லை.

"அக்கா, சார் இதையும் முடிக்கச் சொல்றார். எப்படி எழுதறதுன்னு தெரியல."

"நாப்பது எழுதி வச்சிருக்கேனே, பாத்து எழுத வேண்டியதுதானே?"

"நீங்களே சொல்லுங்கக்கா."

சொன்னேன். "மனுதாரருக்கு முப்பத்தைந்து வயது நேற்றுடன் நிறைவடைந்துவிட்டது."

எழுதினாள்.

"விதியில் தளர்வுக்கு இடமில்லை."

"ஏதாவது சுற்றறிக்கை வந்திருக்கப் போகுதுக்கா. ஒரு தடவை தேடிப் பாக்கலாமே?"

"தேடிட்டேன். பத்தொன்பது வருஷக் கட்டையும் பிரிச்சுப் படிச்சுட்டேன். ஒண்ணும் இல்ல. எழுது. எனவே..."

நாற்பது முறை எழுதிய வார்த்தைதான்.  அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "என்னால முடியாதுக்கா," என்றாள்.

தாளை என் பக்கம் இழுத்து, நிராகரிக்கலாம் என்று நானே எழுதினேன். கையெழுத்துக்கு உரிய இடத்தைக் காட்டி அவளிடம் தள்ளினேன். "போடு. ஆபீஸ் மூடப்போகுது."

அவள் போட்டாள். அழுதுகொண்டே போட்டதில் கையெழுத்து கோடு தாண்டிக் கீழே இறங்கிவிட்டது. வேறு தாள் எடுக்கட்டுமா என்று கேட்டாள். எனக்கும் கண் மறைத்தது, இருந்தாலும் குனிந்து பார்த்தேன்.

"வேண்டாம்," என்றேன். "இதுவே செல்லும்."