முதலில் குழாய், பிறகு நெருப்பு

என் அண்ணன் பெண்டாட்டிமேல் கை நீட்டுகிறவன். இரண்டு மாதம் முன்பு அண்ணி பெட்டியோடு வெளியேறியபோது வண்டி பிடித்துக் கொடுத்தவளே நான்தான். அண்ணி பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அதே ஆய்வகத்தில் நான் உதவியாளர். கண்ணாடி கழுவுவதும் உடைந்ததைக் கூட்டுவதும் என் பிழைப்பு.

அன்று பத்தாம் வகுப்புக்கு ஹைட்ரோகார்பனை உடைத்துக் காட்டும் பாடம். சோதனைக்குழாய்க்குள் பாரஃபின் எண்ணெயில் நனைத்த பஞ்சும் பீங்கான் துண்டுகளும், அடியில் பர்னர். சோதனைக்குழாயிலிருந்து ஒரு வளைந்த குழாய் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிக் குமிழி விட்டது.

"நீளமான மூலக்கூறு சூட்டுல உடையுது. உடைஞ்சதுல ஒண்ணு ஆல்கீன். அதுக்கு இரட்டைப் பிணைப்பு, சும்மா இருக்காது. புரோமின் நீரோட ஆரஞ்சு நிறத்தையே போக்கிடும்," என்றாள் அண்ணி.

கதவு சுவரில் மோதியது. அண்ணன் நேராக வந்து அண்ணியின் கொண்டையைப் பிடித்து, முகத்தை மேசை விளிம்பில் இடித்தான். உதடு கிழிந்து ரத்தம் சொட்டியது. நான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் என் நெஞ்சில் ஓங்கி இடித்தான். பிள்ளைகள் அலறினார்கள். எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் பிடுங்கித் தின்றது.

"வீட்டுக்கு நடடி! இந்த அடுப்பை அணைச்சிட்டுக் கிளம்பு!"

"அணைக்காதீங்க!" ரத்த வாயோடு அண்ணி கத்தினாள். "முதல்ல குழாயைத் தண்ணியிலேருந்து எடுக்கணும். இல்லேன்னா தண்ணி உள்ளே ஏறி வெடிச்சிடும்!"

"எனக்கே பாடம் எடுக்கறியா?" பர்னரை அவனே அணைத்தான்.

குமிழி நின்றது. தண்ணீர் வளைந்த குழாயில் மேலே ஏறத் தொடங்கியது. அவன் அதைப் பார்க்கவில்லை. மேசைமேல் சாய்ந்து அடுத்த அடிக்குக் கையை ஓங்கிக்கொண்டிருந்தான். நான் பார்த்தேன். விலகு அண்ணா என்று சொல்ல நேரம் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், தாராளமாகவே இருந்தது.

அண்ணியை இடுப்போடு பிடித்து இழுத்து மேசைக்கு அடியில் தள்ளினேன். ஒரு கொத்து முடி அவன் கையிலேயே தங்கிவிட்டது. சோதனைக்குழாய் வெடித்துச் சில்லுகள் பறந்தன. பிள்ளைகள் எல்லாரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். அவன் போட்டிருக்கவில்லை.

மருத்துவமனையில் ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்தான். அந்தக் கண் இனித் தேறாது என்று சொல்லிவிட்டார்கள். கூடப் பிறந்தவன் அல்லவா, பார்க்கப் போயிருந்தேன்.

"தண்ணி ஏறினதை நீ பார்த்த," என்றான். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அண்ணி சொன்னாங்களே, அண்ணா."