பீப் சத்தத்துக்கு நடுவே ஒரு சிரிப்பு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல. பக்கத்து வீட்டுத் தட்டச்சுக்காரி, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சொன்னது. "சேச்சே, என்னைப் போய்..." என்றேன். அவள் படியிறங்குவதற்குள் முதல் வரியை எழுதிவிட்டேன்.

'அவள் வேலை செய்த அறைக்குச் சன்னலே இல்லை...' (அடித்துவிட்டேன். சன்னல் இருந்தது. திறக்கக் கூடாது, அவ்வளவுதான். பாதுகாப்பாம்.)

2

கடல் கடந்த ஒரு நாட்டில் நோயாளிகள் டாக்டரிடம் பேசுவது பதிவாகும். தமிழில் பேசுகிறவர்களின் பதிவுகள் இவளுக்கு வரும். கேட்டு, வரி தவறாமல் தட்ட வேண்டும்.

அந்த நாட்டில் சட்டம் என்றால் சட்டம்! ஒருவருடைய சொந்த விவரம் 'தகுந்த பாதுகாப்பு' இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. அது என்ன பாதுகாப்பு? பெயர் வரும் இடத்தில் ஒரு 'பீப்', ஊர் வரும் இடத்தில் இன்னொன்று. கூடவே நோயாளி கையெழுத்திட்ட நாற்பத்தோரு பக்கச் சம்மதப் படிவம்.*

குரலை மறைக்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

* வலி தாங்காமல் வரிசையில் நிற்கிறவள் அத்தனையையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாளாம். நம்புங்கள்.

3

போன செவ்வாய்க்கிழமை ஹெட்போனில் ஒருத்தி சிரித்தாள். மூக்கால் வருகிற சிரிப்பு, பாதியிலேயே நின்றுவிடும்.

"பயமா? எனக்கா? அடுத்த மாசமே கட்டிய எடுத்துடுங்க டாக்டர். வீட்டுக்கு மட்டும் சொல்லிடாதீங்க. அக்கா தாங்க மாட்டா."

துணைக்கு யார் வருவார்கள் என்று டாக்டர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

"யாரும் வேண்டாம். நானே பாத்துக்குவேன்."

இருபது வருடம் ஒரே அறையில் படுத்து எழுந்தவளின் சிரிப்பு இவளுக்குத் தெரியாதா? 'அக்கா தாங்க மாட்டா' என்பதையும் அந்த அக்காவே தட்டினாள். வரி தவறக் கூடாதே.

4

மேலாளரிடம் போனாள். "சார், இது என் தங்கச்சி."

"பேர் இருக்காம்மா அதுல?"

"இல்ல சார்."

"அப்போ அது யாரோட தங்கச்சியும் இல்ல. வெறும் டேட்டா. ஆளைக் கண்டுபிடிச்சுட்டேன்னு நீங்க சொன்னா, சட்டத்தை மீறினது நீங்கதான். வேலை போயிடும், பாத்துக்குங்க."

எப்படியிருக்கிறது நியாயம்! தங்கையின் கட்டி கடல் தாண்டி வரலாம், அக்கா அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. இந்தச் சட்டத்தை எழுதியவர்களை வரிசையாக நிற்க வைத்து... (வேண்டாம். இந்த வாக்கியம் நல்லபடியாக முடியாது.)

5

முடிவு ஒன்று: வேலையை உதறிவிட்டு விமானம் ஏறுகிறாள். (விசா யார் அப்பன் தருவான்? விவரங்கள்தான் நினைத்த நேரத்தில் எல்லை தாண்டும். அக்காக்களுக்கு அந்த வசதி இல்லை.)

முடிவு இரண்டு: போன் போடுகிறாள். இது நிஜமாகவே நடந்தது.

"எப்படிடி இருக்க?"

அதே சிரிப்பு. "எனக்கென்ன கேடு? நல்லாத்தான் இருக்கேன்க்கா."

"சாப்பிட்டியா?"

"ம்."

அதற்கு மேல் எப்படிக் கேட்பாள்? கேட்டால் வேலை போகும். அதைவிட, டாக்டரிடம் சொன்னது அக்கா காதுவரை வந்துவிட்டது என்று தங்கை கூனிக்குறுகிப் போவாள். கேட்காவிட்டால் ஆபரேஷனுக்குத் தனியாகப் படுக்கப்போகிறாள். போனை வைத்துவிட்டு வந்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

6

நான் மட்டும் என்ன யோக்கியம்? நானும் பெயரை எடுத்தேன், ஊரை எடுத்தேன். 'தகுந்த பாதுகாப்பு' ஆயிற்று. சம்மதம்கூட வாங்கவில்லை. ஆனால் அவர்கள் அசட்டையாக விட்ட சிரிப்பை நான் வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன். மேலாளர் இதைப் படிப்பாரோ என்ற பயமில்லை. அந்த நாற்பத்தோரு பக்கத்தையே படிக்காத மனிதர்.

ஆகவே முடிவு என் கையில் இல்லை. இந்த இதழ் கடல் தாண்டியும் போகிறது. மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். மூன்றாம் பகுதியில் மூக்கால் சிரித்துப் பாதியில் நிறுத்தியவளே, உன்னிடம்தான் சொல்கிறேன். அக்காவுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமையிலிருந்து தாங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். நீயே கூப்பிடு.